அந்தப் படங்களைக் காட்டிக் குழந்தையைத் திட்டாதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது முறை. ஆலோசனை அறையில் ஒன்பது வயதுப் பையன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறான். 'சில்ரன் ஆஃப் ஹெவன்' (1997) என்ற ஈரானியப் படத்தைக் காட்டிவிட்டு, "பழைய ஷூவோட ஓடி அவன் ஜெயிக்கிறான், உனக்கு எல்லாம் இருந்தும் திமிர்" என்று திட்டி, புது ஷூவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் அப்பா. பையனுக்கு நன்றியுணர்வு இல்லை என்பது அவருடைய புகார்.

அவரை வெளியே இருக்கச் சொன்னதும் பையன் மெல்ல வாய் திறந்தான்: "அந்தப் படத்துல, தங்கச்சி ஷூ தொலைஞ்சதை அலி ஏன் அப்பாகிட்ட சொல்லலைன்னு எனக்குத் தெரியும்."

ஈரானியக் குழந்தைப் படங்கள் பிள்ளைகளுக்கான ஒழுக்கப் பாடம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். அவற்றில் பாடம் இருக்கிறது, நமக்கு. ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987) படத்தில் நண்பனின் நோட்டு சிறுவன் அஹ்மதின் பையில் மாறி வந்துவிடுகிறது. நோட்டில் பாடம் எழுதாமல் வந்தால் நண்பனைப் பள்ளியைவிட்டே அனுப்பிவிடுவார் ஆசிரியர். அம்மா துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். நோட்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று அஹ்மத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். "வீட்டுப்பாடத்தை எழுது" என்கிறார். நடுவில் குழந்தையின் தொட்டிலை ஆட்டச் சொல்கிறார். தாத்தாவோ தன்னிடம் சிகரெட் இருந்தும் எடுத்துவர அனுப்புகிறார், பேரன் கீழ்ப்படியப் பழக வேண்டும் என்பதற்காக. தன் ஊரான கோகெரிலிருந்து நண்பனின் ஊரான போஷ்தேவுக்கு மேடேறி ஓடியும் நண்பனின் வீடு கிடைக்கவில்லை. கடைசியில் அவனுடைய பாடத்தையும் அஹ்மதே எழுதிவிடுகிறான். பெரியவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த நண்பனைக் காப்பாற்றியிருக்கவே முடியாது.

அதே இயக்குநரின் 'வீட்டுப்பாடம்' (1989) ஆவணப்படத்தில், கார்ட்டூனைவிட வீட்டுப்பாடம்தான் பிடிக்கும் என்கிறார்கள் பிள்ளைகள். என் அறையிலும் தினம் கேட்கும் பதில்தான் இது. பயத்தில் வருவது. தண்டனை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிகிறது. பாராட்டு என்றால் என்ன என்று பலருக்குத் தெரியவில்லை. ஒரு சிறுவன் கேமரா முன்னால் நடுங்கி அழுகிறான். அவன் கேட்பதெல்லாம், நண்பன் கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, படம் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். ஒப்பிடாதீர்கள். முடிந்ததும் "என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் போனைக் கீழே வையுங்கள். அப்புறம், பீரோவில் பூட்டிய ஷூவை இன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.