‘மொதல்லேர்ந்து சொல்லு’ என்று கேட்கிறவர்களுக்கு

தாக்குதலுக்கு ஆளானவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி மூன்றே நாள். தையல்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் பார்க்க வந்தவர்கள் ஒரு டஜன் பேர். அத்தனை பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “என்னம்மா ஆச்சு? மொதல்லேர்ந்து சொல்லு.” அவரும் சொல்கிறார். கேட்டவருக்குக் கண் கலங்குகிறது; அடிபட்டவர் அவரைத் தேற்றுகிறார். அன்றிரவு தூக்கம் போகிறது. மறுநாள் அடுத்த ஆள் வருகிறார்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. அதனால்தான் தடுக்கவும் முடிவதில்லை. “மனசுல வச்சுக்கிட்டு இருந்தா புண்ணாயிடும், கொட்டிட்டா லேசாயிடும்” என்று மனதார நம்புகிறார்கள். சோகத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். உயிர் போய்விடும் என்று உடம்பு நடுங்கிய அனுபவத்துக்குப் பொருந்தாது.

மனநலத் தொழில் தெரிந்தவர்களே ஒரு காலத்தில் இப்படி நம்பியவர்கள்தான். 1983ல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்றவர்களுக்காக ஒரு முறையை வகுத்தார். சம்பவம் நடந்த சில நாள்களுக்குள் குழுவாக உட்கார வைத்து, பார்த்தது, நினைத்தது, உணர்ந்தது எல்லாவற்றையும் வரிசையாகப் பேச வைப்பது. பிறகு அதை விபத்தில் சிக்கியவர், தாக்கப்பட்டவர் என்று தனி ஆள்களுக்கும் செய்யத் தொடங்கினார்கள். 1997ல் ஜொனாதன் பிசன் குழுவினர் தீக்காய நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இப்படி ஒரே அமர்வில் பேச வைத்தார்கள், மற்றவர்களை விட்டுவிட்டார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தால், பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (PTSD). விடப்பட்டவர்களில் 9 சதவீதம். பேச வைக்கப்பட்டவர்களின் காயம் தொடக்கத்திலேயே கொஞ்சம் கடுமையாக இருந்தது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளிலும் இந்த ஒற்றை அமர்வால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததை விவரிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. பயிற்சி பெற்றவர்கள் ஓர் அறையில் முறையாகச் செய்ததற்கே இந்தக் கதி. கூடத்தில் டீ குடித்துக்கொண்டே செய்வதைப் பற்றி என்ன சொல்வது?

“அப்படின்னா சிகிச்சையில மட்டும் பேச வைக்கிறீங்களே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிகிச்சையில் பேச்சு அளந்து வைக்கப்படுகிறது. எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது, பதற்றம் ஏறினால் எப்படி இறக்குவது என்பதற்கெல்லாம் ஆள் இருக்கிறார். பதற்றம் தணிந்த பிறகுதான் அமர்வு முடியும். உறவுக்காரர் கேட்கும்போது பயம் உச்சிக்குப் போன இடத்தில் கதை முடிகிறது, அவர் எழுந்து பஸ் பிடிக்கப் போய்விடுகிறார். உச்சியில் நிற்பவர் தனியாக நிற்கிறார்.

தாக்கப்பட்டவர் அவராகவே பேசினால் தடுக்காதீர்கள். கேளுங்கள். “அப்புறம்?” என்று தூண்டாதீர்கள், “அதெல்லாம் மறந்துடு” என்று அடைக்கவும் செய்யாதீர்கள். பாதியில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள்.

போலீஸ் வழக்கு இருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது. நினைவு என்பது வீடியோ அல்ல. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் மாறும். “கையில கத்தி வச்சிருந்தானா?” என்று நீங்கள் கேட்ட கேள்வியே பத்து நாளில் அவர் நினைவுக்குள் கத்தியாக நுழைந்துவிடலாம். நாளை குறுக்கு விசாரணையில் அந்தச் சிறு முரணைத்தான் எதிர்த் தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். விவரமான வாக்குமூலம் விசாரணை அதிகாரியிடம் போகட்டும். தாக்கப்பட்டவர் உங்களிடம் தானாகவே ஏதாவது சொன்னால், சொன்ன வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள்.

கேள்விகளிலேயே மோசமானது ஒன்று உண்டு: “நீ ஏன் கத்தல? ஏன் ஓடல?” பேரபாயத்தில் உடல் உறைந்துபோவது மூளை தானாக எடுக்கும் முடிவு. குரல் வராது, கை கால் அசையாது. ஸ்டாக்ஹோமில் பாலியல் தாக்குதலுக்குப் பிறகு அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017ல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் கணிசமான அளவுக்கு இப்படி உறைந்துபோயிருந்தார்கள். ‘ஏன்’ என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் தாக்கப்பட்டவரின் காதில் ‘உன் தப்பு’ என்றுதான் விழும். அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள்.

சரி, போய் என்னதான் செய்வது? வேலை செய்யுங்கள். முதலில் ஓர் ஆளை ஒருங்கிணைப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள், அவரைத் தாக்கப்பட்டவரே தேர்ந்தெடுக்கட்டும். போன்கள் ஒருங்கிணைப்பாளருக்குத்தான் வர வேண்டும். ‘இப்போது எப்படி இருக்கிறார்’ என்ற செய்தியை ஒரே வாசகமாக எல்லாருக்கும் அவரே அனுப்பட்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் சாப்பாடு, ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போவது, ஒருவர் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் மருந்து நேரமும், ஒருவர் கதவுப் பூட்டு மாற்றுவதும் வாசல் விளக்குப் போடுவதும், ஒருவர் அலுவலக விடுப்புக் கடிதம். “எதுவானாலும் சொல்லு, நான் இருக்கேன்” என்பது உதவியே அல்ல. யோசிக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டுவது. “வியாழக்கிழமை கட்டு மாத்தப் போறப்ப நான் வண்டி எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேளுங்கள். ஆம், இல்லை என்ற பதில் போதும்படி கேள்வி இருக்கட்டும்.

பார்க்கப் போவதென்றால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், இருபது நிமிடம் தாராளம். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் உட்காராதீர்கள். கெட்ட கனவில் அலறினால் உலுக்கி எழுப்ப வேண்டாம். விளக்கைப் போட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பதற்றம் வந்து மூச்சு வாங்கும்போது “நல்லா ஆழமா மூச்சு விடு” என்பார்கள். அது பல நேரம் படபடப்பைக் கூட்டும், ஏற்கனவே தேவைக்கு மேல் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே செய்தால் இன்னும் எளிது.

உடம்பு விஷயத்தில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால், தோலில் ஒரு தடயமும் இல்லாவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குரல் கம்முவது, விழுங்க வலிப்பது, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், சில நொடி நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் பிரிந்தது இவற்றில் எது இருந்தாலும் ‘கழுத்தை நெரித்தார்கள்’ என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் சில நாள் கழித்தும் வரலாம். தலையில் அடி பட்டவருக்கு மறதி, எரிச்சல், வெளிச்சம் கூசுவது வந்தால் ‘மனசுதான் காரணம்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூளை அதிர்ச்சியாக இருக்கலாம்.

போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள். உதறவும் வேண்டாம். ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் அழியும். காயங்களை, அவர் சம்மதித்தால் மட்டும், பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எந்த உறுப்பு என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, அளவுகோல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. ரத்தக்கட்டு அடுத்தடுத்த நாள்களில்தான் நன்றாகத் தெரியும். அப்போது மறுபடி எடுங்கள்.

எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. நியாயம் கேட்கிறோம் என்றாலும் கூடாது. சம்பவ வீடியோ யாரிடமாவது இருந்தால் போலீசுக்குக் கொடுங்கள், பிறகு பரப்பாதீர்கள். இது தாக்கப்பட்டவரை மட்டும் பாதிக்கும் சமாசாரமும் இல்லை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வில், அந்தச் செய்திகளைத் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலான மன அழுத்தம் பதிவானது. நிதி திரட்டினால் வேண்டுகோளில் என்ன எழுதுவது, எந்தப் படம் போடுவது என்பதைத் தாக்கப்பட்டவர் படித்துச் சம்மதிக்கட்டும். முகவரியும் ஆஸ்பத்திரி வார்டும் அதில் வேண்டாம், தாக்கியவரும் படிப்பார். வரவு செலவை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பணத்தால் உடையும் உறவு, அப்போது அவருக்குத் தேவைப்படும் உறவாக இருக்கும்.

தூக்கம் வரவில்லை என்றால், வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். டயஸெபம் வகை மாத்திரைகளை, அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்காகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே சொல்லிவிட்டது. மதுவைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, ஆனால் “ஒரு பெக் போட்டா தூங்கிடுவாப்ல” என்கிற நண்பர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் புகழ வரும். “நீ புலிடா”, “உன்னை மாதிரி தைரியசாலி யாரு இருக்கா”. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையில் ஏற்றிவிடப்பட்டவரால் இரவில் அழுததைச் சொல்ல முடியாது. மீண்டெழுவது பிறவி வீரம் அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் பொனானோ 2004ல் எழுதிய கட்டுரையே, அது நாம் நினைப்பதைவிடப் பரவலாக நடப்பது என்றுதான் சொல்கிறது. 2000ல் கிறிஸ் புரூவின் என்ற உளவியலாளரின் குழு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கான 14 காரணிகளை எடைபோட்டுப் பார்த்தபோது, ஒருவரின் பழைய பின்னணியைவிட, சம்பவத்துக்குப் பிறகு கிடைத்த ஆதரவின் குறைவும் கூடிய வாழ்க்கை நெருக்கடிகளும்தான் அந்தக் கோளாறோடு வலுவாகத் தொடர்பு கொண்டிருந்தன. திடம் என்று நாம் வியப்பதில் பாதி, பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரர்.

பாதுகாப்பு என்ற பேரில் சிறை வைப்பதும் நடக்கிறது. போனைப் பிடுங்கிக்கொள்வது, வெளியே விடாமல் இருப்பது, அவர் சார்பில் எல்லாப் பதிலையும் நாமே சொல்வது. தாக்குதல் பறித்தது கட்டுப்பாட்டைத்தான், மிச்சத்தை வீடு பறிக்கக் கூடாது. சின்ன முடிவுகளை அவரிடம் விடுங்கள்: கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா, இன்று யார் வரலாம். சம்பவம் நடந்த தெருவுக்குத் திரும்பப் போவதும் அவர் வேகத்தில் நடக்கட்டும். பகலில், துணையோடு, முதலில் தெருமுனை வரை. பயம் ஏறியதும் திரும்பி ஓடாமல், கொஞ்சம் இறங்கும்வரை நின்றுவிட்டு வருவது நல்லது. “சும்மா வா, ஒரு இடத்துக்குப் போவோம்” என்று ஏமாற்றிக் கூட்டிப்போனால் அடுத்த ஆறு மாதத்துக்கு உங்களை நம்ப மாட்டார்.

“பேசித் தீத்துக்கலாம், கேஸ் எதுக்கு” என்று தூது வருகிறவர்களை ஒருங்கிணைப்பாளர் வாசலிலேயே திருப்பி அனுப்பட்டும். அது தாக்கப்பட்டவரின் முடிவு. அவர் கட்டிலில் இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியே அல்ல.

முதல் சில வாரம் தூக்கமின்மை, திடுக்கிடுவது, தானாகக் காட்சி ஓடுவது, எரிந்து விழுவது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான். பலருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் வேலையையோ வீட்டையோ முடக்கினால் மனநல மருத்துவரிடமோ அதிர்ச்சி சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடமோ அழைத்துப்போங்கள். அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகளில் முடியும். வருடக்கணக்கில் கவுன்சலிங் போக வேண்டியிருக்கும் என்ற பயத்தில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். சாவைப் பற்றிப் பேசினால், சாப்பாட்டை நிறுத்தினால், குடி கூடினால், கைக்குழந்தையைக் கவனிக்க முடியாமல் போனால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றே போங்கள்.

கடைசியாக ஒரு கெஞ்சல். முதல் வாரம் வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும். ஆறாவது வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். விடுப்பு தீர்ந்து வேலைக்குத் திரும்ப வேண்டியதும், அடையாள அணிவகுப்புக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டியதும் பிறகுதான் வரும். உங்கள் போன் நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்: ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், ஒவ்வொரு வழக்குத் தேதிக்கும் முந்தைய நாள், சம்பவம் நடந்து ஒரு வருடம் ஆகும் நாள். அந்தந்த நாளில் ஒரு வரி போதும்: “நாளைக்குக் கோர்ட்டுன்னு ஞாபகம் இருக்கு. காலைல ஒன்பதுக்கு வாசல்ல வண்டியோட இருப்பேன். பேசணும்னு இல்ல.”