அரை மதிப்பெண்ணும் ஒரு குதிரையின் முதுகும்

2023 செப்டம்பர் 26. சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியின் குழுப் பிரிவில் இந்தியா 209.205 எடுத்துத் தங்கம் வென்றது. 1982 டெல்லிக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த தங்கம். எல்லோரும் முதல் வரியைக் கொண்டாடினோம். எனக்கோ அடுத்த இரண்டு வரிகளில்தான் கண் நின்றுவிட்டது. வெள்ளி வென்ற சீனா 204.882. வெண்கலம் வென்ற ஹாங்காங் 204.852.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மைதானத்தைச் சுற்றி ஐந்து நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குதிரையின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். அரை மதிப்பெண்ணும் உண்டு. அந்தச் சுற்றில் ஒரு நடுவர் தரக்கூடிய உச்சம் 340, ஐவருக்கும் சேர்த்து 1700. இந்தியாவின் அனுஷ் அகர்வாலா, எட்ரோ என்ற குதிரையில் எடுத்த 71.088 சதவீதம் என்பது 1700க்கு 1208.5. இப்படி மூன்று பேரின் சதவீதங்களைக் கூட்டினால் வருவது அணியின் மதிப்பெண். இந்தக் கணக்கில் அரை மதிப்பெண்ணின் எடை 0.029 சதவீதம். சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் இருந்த இடைவெளி, கடைசி இலக்கத்தை முழுமையாக்கியதைத் தள்ளிப் பார்த்தால், அவ்வளவுதான். ஹாங்காங்கின் கணக்கில் சேர்ந்த மூன்று குதிரைகளில் ஏதோ ஒன்றுக்கு, ஐந்து நடுவர்களில் ஒருவர், ஏதோ ஓர் அசைவுக்கு 6.5க்குப் பதில் 7 போட்டிருந்தால் இரு அணிகளும் சமமாகியிருக்கும்.

வீரரைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான், மயிரிழையில் முடிகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜுக்கு இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். அதை வாங்கித் தந்தவை ஐரோப்பியப் போட்டிகளில் அனுஷ் எடுத்த மதிப்பெண்கள். ஆனால் விதிப்படி அந்த இடம் நாட்டுக்குச் சொந்தம், வீரருக்கு அல்ல. இன்னொரு இந்திய வீராங்கனை ஸ்ருதி வோராவும் தகுதி அளவைத் தாண்டியிருந்தார். 2024 ஜூனில் ஸ்லோவேனியாவின் லிபிட்சாவில் நடந்த மூன்று நட்சத்திர கிராண்ட் பிரீ (டிரெஸ்ஸாஜின் உச்ச நிலை) போட்டியை 67.761 எடுத்து வென்றிருந்தார். கடைசியில் சராசரிகளை ஒப்பிட்டார்கள். அனுஷ் 67.695, ஸ்ருதி 67.163. பாரிஸுக்குப் போனது யார் என்பதை அரை சதவீதம் முடிவு செய்தது.

அந்த அரை சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஆறேழு நிமிடம், 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட மணல் மைதானம், அரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு விலங்கு. வீரர் வாய் திறந்து பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை எல்லாம் உடம்பால்தான் சொல்ல வேண்டும். அது குதிரைக்கு எப்படிக் கேட்கிறது?

மெரினாவில் சவாரிக் குதிரையின் விலாவில் ஓர் ஈ உட்கார்ந்ததை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். குதிரை தலையைத் திருப்பவில்லை, வாலையும் வீசவில்லை. ஈ உட்கார்ந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் சட்டென்று சிலிர்த்தது, ஈ பறந்துவிட்டது. குதிரையின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் விரிந்திருக்கிறது, அதன் வேலைதான் இது. ஈயின் கால் பட்டதை உணரும் அந்த விலாவின் மேல்தான் வீரரின் கெண்டைக்கால் படிந்திருக்கிறது. உதைத்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

தொடுவதை மட்டுமல்ல, பார்ப்பதையும் குதிரை படிக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஆசிரியரிடம் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தல் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும். 1907இல் உளவியலாளர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் அதைப் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை! சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை கடுகளவு நிமிரும். அதைக் கண்டதும் குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். இந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையை முழுதாக அடக்க முடியவில்லை. இதைக் குதிரையின் ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் நேர்மாறாக நினைக்கிறேன். மனிதருக்கே தெரியாத மனித அசைவைப் படிக்கும் விலங்கு அது. டிரெஸ்ஸாஜ் முழுவதும் நிற்பது இந்த ஆற்றலின் மேல்தான்.

அதனால் வீரருக்கு முதல் பாடம், வேண்டாததைச் சொல்லாமல் இருப்பது. கேட்க எளிது. டிராட் என்னும் துள்ளோட்ட நடையில் குதிரையின் முதுகு ஒவ்வோர் எட்டிலும் (நான்கு காலும் ஒருமுறை எடுத்து வைப்பது ஓர் எட்டு) இருமுறை மேலேறி இறங்குகிறது. சேணத்தில் அமர்ந்தபடியே போகும் வீரர், உச்ச கணத்தில் தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் முதுகை அழுத்துகிறார். இடுப்பு அந்த அலையோடு சேர்ந்து போனால் குதிரை முதுகைத் தளர விடும். கொஞ்சம் பிந்தினால் ஒவ்வோர் எட்டிலும் முதுகில் ஓர் இடி விழும். குதிரை முதுகை இறுக்கிக்கொள்ளும், எட்டு குறுகும், நடுவர் 7 போட இருந்த இடத்தில் 6 விழும். தூரத்தில் இருந்து பார்க்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும் வீரரின் வயிறும் இடுப்பும் ஒரு கணம் ஓய்வதில்லை.

சொல்லும் சேதி பெரும்பாலும் அழுத்தமும் விடுவிப்பும்தான். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தில் அல்ல, அது நீங்கும் நொடியில். கால் லேசாக அழுத்துகிறது, குதிரை முன்னே நகர்கிறது, கால் உடனே தளர்கிறது. ‘இதைத்தான் கேட்டார்’ என்று குதிரைக்குப் புரிவது அந்தத் தளர்ச்சியில். விடுவிக்கத் தாமதித்தால், குதிரைக்கு எந்த அசைவுக்கு அந்தப் பதில் என்றே விளங்காது.

இனி குதிரையின் பக்கம். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் முன்னங்கால்கள் எலும்பு மூட்டால் உடலோடு இணைந்திருக்கவில்லை. நெஞ்சுக்கூடு இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசைகளால் ஆன தூளியில் தொங்குகிறது. நிற்கும்போது எடையில் ஏறத்தாழ 58 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன. தலையும் கழுத்தும் முன்னால் நீண்டிருப்பதால் அப்படி. இந்த விலங்கைப் பின்னங்கால் மடக்கி, முன்பக்கம் உயர்த்தி, இருந்த இடத்திலேயே தாளம் தப்பாமல் டிராட் போடச் செய்வதற்குப் பெயர் பியாஃப். அதையே மிதந்து மெல்ல முன்னேறும்படி செய்தால் பாசாஜ். எடை முழுவதும் பின்னுக்குப் போய்விட்டதுபோல் கண்ணுக்குத் தெரியும். அளந்து பார்த்தால் பின்னே மாறும் எடை சிறிதளவுதான். பின்னங்கால்கள் மடங்கித் தாங்க, முன்னங்கால்கள் தரையைத் தள்ளி, அந்தத் தசைத் தூளி இறுகி நெஞ்சை மேலே தூக்குகிறது. பல ஆண்டுப் பயிற்சி இல்லாமல் அந்தத் தசைகள் இதைத் தாங்காது. கிராண்ட் பிரீ குதிரைகள் பெரும்பாலும் பத்து வயதை ஒட்டி அல்லது அதைத் தாண்டி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எனக்கு மிகப் பிடித்தது பறக்கும் மாற்றம். கேன்டர் மூன்று தாளம் கொண்ட நடை. வலது முன்னங்கால் முந்தும் கேன்டர் என்றால், முதலில் இடது பின்னங்கால். அடுத்து வலது பின்னங்காலும் இடது முன்னங்காலும் ஒன்றாக. கடைசியாக வலது முன்னங்கால். அதன் பின் ஒரு கணம் நான்கு குளம்பும் தரையை விட்டு எழும். அந்தரத்தில் இருக்கும் அந்தக் கணத்தில்தான் வலத்தை இடமாக மாற்ற வேண்டும், முன்னும் பின்னும் சேர்ந்து. முன்கால் மாறி, பின்கால் ஓர் எட்டு பிந்தினால் மதிப்பெண் போய்விடும். ஹாங்சோவின் குழுச் சுற்றில் இதை நான்கு எட்டுக்கு ஒருமுறை, மூன்று எட்டுக்கு ஒருமுறை என்று கேட்டார்கள். ஒலிம்பிக்கில் ஆடும் கிராண்ட் பிரீயில் ஒவ்வோர் எட்டுக்கும் ஒன்று வீதம் தொடர்ந்து 15 மாற்றங்கள். ஓர் எட்டுக்கு 0.6 வினாடி என்று வைத்தால் எல்லாம் ஒன்பது வினாடியில் முடிந்துவிடும். அந்தரக் கணம் வந்த பிறகு சொன்னால் காலம் கடந்துவிட்டது. வீரரின் கால் அதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். பதினைந்து முறை, இடம் வலமாக, மேலுடம்பு அசையாமல். எண்ணிக்கை ஒன்று தப்பினாலும் நடுவர் எண்ணிவிடுவார்.

ஐந்து நடுவர்களும் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நேர் எதிரே இருப்பவருக்குக் குதிரை கோணாமல் வருகிறதா என்று தெரியும். பின்குளம்பு எவ்வளவு முன்னால் வந்து விழுகிறது என்பது பக்கவாட்டில் இருப்பவருக்கே தெரியும். ஒரே அசைவுக்கு ஒருவர் 6.5, இன்னொருவர் 7.5 போடுவது இதனாலும் நேர்கிறது. சுழற்றி வீசும் வால், நறநறக்கும் பல், பின்னால் படிந்த காது எல்லாம் இறுக்கத்தின் அடையாளங்கள். அவற்றுக்கு மதிப்பெண் குறைய வேண்டும் என்பது விதி. குதிரைக்காக அந்த விதி இன்னும் கறாராக நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

பாரிஸ் ஒலிம்பிக்கின் குதிரையேற்றம் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்தது. சர் காரமெல்லோ என்ற குதிரை மீது அனுஷ் எடுத்தது 66.444. அடுத்த சுற்றுக்கு அது போதவில்லை. ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் இந்தியர் ஒருவர் இறங்கியது அதுவே முதல் முறை.

சுற்று முடிந்து, நடுவருக்கு வணக்கம் வைத்ததும் வீரர்கள் லகானைத் தளர்த்திக் குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுப்பார்கள். சிலர் தட்டுவதற்குப் பதில் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் விரலால் சொறிந்து விடுவார்கள். மேய்ச்சலில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடும் இடம் அது. அந்த இடத்தில் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மதிப்பெண் இன்னும் பலகையில் ஏறியிருக்காது. குதிரை கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விடும்.