கிடாயை மாற்றுகிறோம், ராம் மீனை ஏன் மாற்றுவதில்லை?

இந்த மாதம் என் மேசைக்கு வந்த நான்காவது பை இது. சென்னைப் புறநகரில் மொட்டை மாடியில் இருபது தொட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் கொண்டுவந்தார். உள்ளே பன்னிரண்டு எலெக்ட்ரிக் புளூ ராம் குஞ்சுகள்; ராம் என்ற சின்ன அலங்கார மீனின் பளிச்சென்ற நீல வகை அது. "தண்ணீரில் என்ன கோளாறு என்று பாருங்கள் சார்" என்றார்.

பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஐந்து குஞ்சுகளுக்குச் செவுள் மூடி பாதியிலேயே நின்றுபோயிருந்தது. மூடாத இடத்தில் சிவந்த இழைகள் வெளியே தெரிந்தன. இரண்டுக்கு வாலருகே முதுகு வளைந்திருந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. வைட்டமின் சி குறைந்தாலும் செவுள் மூடி இப்படி ஆகும் என்பதால் தீவனத்தை விசாரித்தேன். அதிலும் தவறில்லை.

"தாய் தகப்பன் எங்கே வாங்கியது?"

"வாங்கவே இல்லை சார். நான்கு தலைமுறையாக வெளி மீன் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. சுத்தமான லைன்."

அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கோபம் வருவது இந்த 'சுத்தமான லைன்' என்ற சொல்லைக் கேட்கும்போதுதான். இதைப் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளாக (நகல்களாக) வருகிறது. பழுதான படிகள் எல்லா மீனிலும் சில உண்டு. மற்றொரு படி நன்றாக இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்த்தால், ஒரே மூதாதையின் ஒரே படி இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு முதல் தலைமுறையில் 25 சதவீதம். அடுத்த முறையும் அப்படியே செய்தால் 37.5. மூன்றாவதில் 50. நான்காவதில் ஏறத்தாழ 59. எலெக்ட்ரிக் புளூ நிறமும் ஒடுங்கு பண்புதான்; இரண்டு படிகளும் நீலமாக இருந்தால்தான் அது வெளிப்படும். அதாவது, நீலம் வந்து சேர்ந்த அதே வழியில்தான் வளைந்த முதுகும் வந்து சேர்கிறது. இந்த வழியில் சுத்தமாவது நிறம் மட்டுமல்ல, நோயும் சேர்ந்துதான்.

எங்கள் ஊரில் ஆடு வளர்க்கும் பெரியவர்கள் மரபியல் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் பிறந்த குட்டிகள் பருவத்துக்கு வருவதற்குள் பழைய கிடாயைக் கொடுத்துவிட்டு வேறு மந்தையிலிருந்து ஒன்றைப் பிடித்து வருவார்கள். விலை உயர்ந்த வடிகட்டியும் வெப்பமானியும் வாங்கத் தெரிந்த நமக்கு இது ஏன் தெரியவில்லை?

நீல மீனோடு, உறவில்லாத சாதாரண நிற ராம் ஒன்றைச் சேருங்கள். குஞ்சுகள் எல்லாம் சாதாரண நிறத்தில்தான் வரும். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து, குஞ்சுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு நீலப் படியைச் சுமக்கிறது. அவற்றில் திடமானதை எடுத்து, வேறு இடத்து நீல மீனோடு சேர்த்தால் ஏறத்தாழ பாதிக் குஞ்சுகள் நீலமாகவே வரும். அரை ஆண்டுப் பொறுமை போதும்.

பலூன் ராம் வளர்ப்பவர்களிடம் எனக்கு நீண்ட பேச்சில்லை. முதுகெலும்பு குறுகி, குடலும் காற்றுப் பையும் நெருக்கப்பட்ட உடல் அது. அது அழகில்லை, ஊனம். அதை வேண்டுமென்றே பெருக்காதீர்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொட்டியில் இருக்கும் சின்னஞ்சிறு மீன்கள் அத்தனையும் ஒரே மாதிரி பளபளக்கின்றன, வயிறு இளஞ்சிவப்பான பெண் மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்திருக்கலாம். அந்த நிறம் மரபில் இல்லை. சில வாரங்களில் வெளுக்கும். அவற்றை வைத்து இனப்பெருக்கத்துக்குத் திட்டம் போடுவது வீண்; பல மலடாகவே இருக்கும். ராமைப் போன்ற இன்னொரு சின்ன அலங்கார மீனான அப்பிஸ்டோகிராமா வளர்ப்பவர்கள் கவனிக்க: அதில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நீரின் வெப்பமும் அமிலத்தன்மையும் மாற்றும். எல்லாம் ஆணாக வந்தால் வம்சத்தைக் குறை சொல்லுமுன் ஹீட்டரைப் பாருங்கள்.

கழித்த குஞ்சுகளைக் குளத்திலோ ஏரியிலோ விடவே கூடாது. பிழைக்க வழியில்லாததை மீன் மருத்துவரிடம் கேட்டுக் கிராம்பு எண்ணெயால் வலியில்லாமல் முடித்துவிடுங்கள். யார் யாருக்குப் பிறந்தது என்பதைத் தொட்டிமேல் ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி ஒட்டுங்கள். நான் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே சொல்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ சமவெளியிலிருந்து வந்த மீன் இது. 1948-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அங்கே தாயும் தகப்பனும் தட்டையான கல்லில் முட்டையிட்டு, மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காக்கும். நாமோ முட்டையிட்ட மறுகணமே கல்லை எடுத்து, முட்டையில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் நீலம் என்ற மருந்து கலந்த தண்ணீரில் காற்றுக் குழாயை விட்டுப் பொரிக்கவைக்கிறோம். முட்டையைத் தின்னும் ஜோடியின் குஞ்சும் காக்கும் ஜோடியின் குஞ்சும் இந்த முறையில் ஒரே அளவில் பிழைத்துவிடுகின்றன. தலைமுறை போகப் போகக் காக்கத் தெரிந்த மீன் அரிதாகிறது. பிறகு, "ராம் மீனுக்குக் குஞ்சு வளர்க்கத் தெரியாது சார்" என்று என்னிடமே சொல்கிறார்கள்!

அந்தத் தம்பியிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன். அடுத்த முட்டையை எடுக்காதீர்கள். 28 டிகிரி, மென்மையான நீர், தொட்டி அருகே ஆள் நடமாட்டம் இல்லாத மூலை. முதல் முறை தின்னும், இரண்டாம் முறையும் தின்னலாம். மூன்று நான்கு ஜோடிகளை இப்படி விட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு ஜோடியில், கூட்டத்தை விட்டு விலகும் குஞ்சைத் தகப்பன் வாயில் கவ்விக்கொண்டு போய் மறுபடி கூட்டத்துக்குள் உமிழும். அந்த ஜோடியின் நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், அடுத்த தலைமுறைக்கு அதன் குஞ்சுகளையே எடுங்கள்.