மார்கழியில் ஏற்றிய ஓவர்கிளாக் சித்திரைக்குத் தாங்காது

பங்குனி பாதி தாண்டியதும் என் சர்வீஸ் மேஜைக்கு கிராபிக்ஸ் கார்டுகள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். கொண்டுவருகிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதை: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு சார், இப்போ கேம் திறந்து பத்து நிமிஷத்துல திரை கறுத்துடுது, கார்டு போயிடுச்சு போல." பெரும்பாலும் கார்டு போயிருக்காது. கிளறிக் கேட்டால், டிசம்பர் குளிரில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து கோர் கிளாக்கில் (சிப் ஓடும் வேகம்) 150, மெமரியில் 800 மெகாஹெர்ட்ஸ் என்று ஏற்றி ஓவர்கிளாக் செய்திருப்பார்கள், ஒரு மணி நேரம் பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) ஓட்டி 'ஸ்டேபிள்' என்று முடிவுகட்டியிருப்பார்கள், கம்ப்யூட்டர் திறக்கும்போதே அந்த செட்டிங் தானாக ஏறும்படி ஒரு டிக்கும் போட்டுவிட்டு மறந்தே போயிருப்பார்கள்.

கூலருக்கு இருக்கும் வேலை சிப்பின் சூட்டை அறைக் காற்றுக்குத் தள்ளிவிடுவது, அவ்வளவுதான். அறை 25 டிகிரியாக இருக்கும்போது சிப் 70-ல் நிற்கிறது என்றால், அதே வாட், அதே ஃபேன் வேகத்தில், அறை 38 ஆனதும் சிப் 83 பக்கம் போய்விடும். சூடு ஏற ஏற அதே கிளாக்கை அதே வோல்டேஜில் தாங்கும் சக்தி சிப்புக்குக் குறைகிறது. தயாரித்தவர்கள் இதற்காகத்தான் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறார்கள், நாம் ஓவர்கிளாக் என்று எடுத்துச் செலவழிப்பது அந்த இடத்தைத்தான். அதுவும் 2012-ல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு ஜிபியு பூஸ்ட் வந்ததிலிருந்து, சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கிற வரை கார்டே தன் கிளாக்கை ஏற்றிக்கொள்கிறது. அதற்கு மேல் நாம் முக்கி முனகி ஏற்றினால் நொடிக்கு 60 ஃபிரேம் 62, 63 ஆகும். அதற்கா இத்தனை பாடு?

மெமரியில் இன்னொரு ஏமாற்று உண்டு. ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி, தரவு போகும் வழியில் பிழை வந்தால் கண்டுபிடித்து அதையே மறுபடி அனுப்பிவிடும். அதனால் அளவுக்கு மீறி ஏற்றினாலும் திரையில் புள்ளியோ கோடோ தெரியாது, வேகம் மட்டும் சத்தமில்லாமல் குறையும். கிளாக் எண் கூடியதைப் பார்த்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பவர், ஃபிரேம் குறைந்ததைக் கவனிக்கவே மாட்டார்.

சரி, கார்டு தகராறு செய்கிறது, என்ன பார்ப்பது? முதல் வேலை ஆஃப்டர்பர்னரில் (கிளாக்கை மாற்றப் பயன்படுத்தும் மென்பொருள்) ரீசெட் அடிப்பது, பிறகுதான் மற்றதெல்லாம். அப்புறம் கார்டு எப்படி விழுகிறது (கிராஷ் ஆகிறது) என்று கவனியுங்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. திரை ஒரு நொடி கறுத்து, கேம் மட்டும் மூடி, டெஸ்க்டாப் திரும்பி வந்தால், விண்டோஸ் டிரைவரைத் திரும்பத் துவக்கியிருக்கிறது (கார்டு பதில் சொல்ல அது கொடுக்கும் அவகாசம் 2 நொடி). கிளாக்கையும் டிரைவரையும் சந்தேகப்படலாம். டிடியு மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டி பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ரிஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 10 ஆக்கச் சொல்லும் யோசனையும் சுற்றுகிறது, அது நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற வேலை. கம்ப்யூட்டரே பட்டென்று அணைந்து மறுபடி எழுந்தால் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கம் போங்கள். விண்டோஸ் துவங்கும் முன் வரும் பயாஸ் திரையிலேயே கட்டம் கட்டமாக நிறம் சிதறினால் டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அநேகமாக மெமரி சிப்போ அதன் சால்டரோ போயிருக்கிறது. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு 'கேம் ஸ்லோவா இருக்கு' என்று வருகிறவர்களும் உண்டு, அவர்களிடம் காசு வாங்க மனசு வராது.

மின் இணைப்பைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட், ஒரு 8 பின் இணைப்பு 150 வாட். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைத் தலையைச் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். புதிய 16 பின் இணைப்பு 600 வாட் வரை கடத்தும், அதாவது 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகிய செய்திகள் வந்தபோது, முழுதாகச் செருகாததே பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு வந்த திருத்திய வடிவத்தில், சரியாக உள்ளே போகாவிட்டால் கார்டுக்குத் தெரிந்துவிடும்படி உணர்வு பின்களைக் குட்டையாக்கினார்கள். எது இருந்தாலும் செருகிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள், நடுவில் இடைவெளி தெரியக்கூடாது, கேபிள் வாயருகிலேயே மடங்கியிருக்கவும் கூடாது.

சூட்டைப் பார்க்கும்போது கோர் எண்ணோடு நிறுத்தாதீர்கள். கல்லூரித் தம்பி ஒருவர் கொண்டுவந்த கார்டில் கோர் 72, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) 106. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கூலர் சிப்பின் மேல் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். கழற்றினால், சிப்பின் ஒரு ஓரத்தில் சூடு கடத்தும் பேஸ்ட் வைத்தபடியே தடித்து நின்றது, அழுந்திய அடையாளமே இல்லை. அதற்கு முன் வேறு எங்கோ தெர்மல் பேட் (மெமரி சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் மெத்தை) மாற்றியிருக்கிறார்கள், கம்பெனி போட்டது 1.5 மில்லிமீட்டர், இவர்கள் வைத்தது 2. அந்த அரை மில்லிமீட்டர் கூலரைத் தூக்கிப்பிடித்திருந்தது. பேட் மாற்றக் கொடுத்தால் தடிமன் என்ன என்று கேளுங்கள், பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் கொடுக்காதீர்கள். ஹீட் கன்னால் சூடேற்றி 'உயிர் கொடுத்த' கார்டையும் வாங்காதீர்கள்: சால்டர் விரிசல் தற்காலிகமாக ஒட்டும், விற்கிறவர் கைக்குக் காசு வரும் வரை ஓடும்.

நம் ஊர் வெயிலுக்கு நான் செய்யச் சொல்வது ஓவர்கிளாக்குக்கு நேர் எதிர், வோல்டேஜைக் குறைப்பது. நேரமில்லாதவர்கள் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) 80 சதவீதத்துக்கு இழுத்தாலே போதும், போகும் ஃபிரேம் சொற்பம், குறையும் சூடும் ஃபேன் சத்தமும் அன்றைக்கே தெரியும். கொஞ்சம் மெனக்கெடுபவர்கள் ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் கோடு (எந்த வோல்டேஜில் எந்த கிளாக் என்று காட்டுவது) திறக்கும். ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 0.9 வோல்ட்டில் 1850 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஆரம்பிக்கலாம், கார்டுக்குக் கார்டு மாறும். சோதிக்க ஃபர்மார்க் (கார்டைச் சூடேற்றிச் சோதிக்கும் மென்பொருள்) வேண்டாம், உங்களிடம் இருப்பதிலேயே கனமான, ரே டிரேசிங் உள்ள கேமை மதிய நேரத்தில் ஏசி போடாமல் ஓட்டுங்கள். விழுந்தால் 25 மில்லிவோல்ட் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.