அம்பாசடரும் பத்மினியும்: இழுவை எங்கிருந்து வருகிறது?

“அம்பாசடர் ஆளும் மூட்டையுமாக மலையேறிவிடும், பத்மினி திணறும். லாங் ஸ்ட்ரோக் எஞ்சின்தானே காரணம்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒர்க்‌ஷாப்களில் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம்தான். ஆனால் பாதிதான் சரி.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடர் ஆனது. பம்பாய் குர்லாவில் தயாரான ஃபியட் 1100 கார் 1974-இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. ஜனங்களுக்கு அது கடைசிவரை ஃபியட்தான். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினுக்கு 50 குதிரைத்திறன், வண்டி சுமார் 1,100 கிலோ. பத்மினிக்கு 1089 சிசி, 40 குதிரைத்திறன், 895 கிலோ. வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் ஒரு குதிரைத்திறனுக்கு 22 கிலோதான்! ஆனால் ஐந்து பேர், 350 கிலோ ஏறியதும் அம்பாசடருக்கு 29, பத்மினிக்கு 31. அதே சுமை சின்ன வண்டியைக் கூடுதலாக அழுத்துகிறது.

இனி ஸ்ட்ரோக். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் அது. அம்பாசடரில் 88.9 மி.மீ., பத்மினியில் 75. ஸ்ட்ரோக் நீண்டால், அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் கையும் நீளும். நீளமான ஸ்பேனரில் நட்டு சுலபமாகத் திரும்புவதுபோல. ஆனால் பிஸ்டனைத் தள்ளும் விசை அதன் தலைப்பரப்பைப் பொறுத்தது. பரப்பையும் ஸ்ட்ரோக்கையும் பெருக்கி, நான்கு சிலிண்டருக்கும் கூட்டினால் வருவது சிசி. ஆகவே சிலிண்டருக்குள் அழுத்தம் ஒன்றென்றால் இழுவையைத் தீர்மானிப்பது சிசிதான். அம்பாசடருக்கு அது 37 சதவீதம் அதிகம்.

அப்படியானால் ஸ்ட்ரோக்குக்கு என்ன வேலை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று, அப்படியே திரும்ப வேண்டும். அம்பாசடர் முழுத்திறன் தரும் நிமிடத்துக்கு 4200 சுற்றில் இது நொடிக்கு 70 தடவை நடக்கிறது. அந்தத் திருப்பத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. 300 கிராம் பிஸ்டன் என்று வைத்துக்கொண்டால், அதைக் கிராங்கோடு இணைத்துப் பிடித்திழுக்கும் கனெக்டிங் ராடுக்கு அது 300 கிலோவாகக் கனக்கும்! ஸ்ட்ரோக் நீள நீள இந்தப் பாடு கூடும், சுற்றைக் குறைத்தாக வேண்டும். அதனால்தான் ஸ்ட்ரோக் குறைந்த பத்மினி 4800 சுற்று வரை போகிறது. பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் அம்பாசடரில் நொடிக்கு 12.4 மீட்டர், பத்மினியில் 12. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் தனித்தனியே வரைந்த இரண்டு எஞ்சின்கள், அன்றைய உலோகமும் எண்ணெயும் தாங்கிய ஒரே எல்லையில் வந்து நிற்கின்றன.

நம் வருத்தமெல்லாம், அந்த எல்லையைப் பல பத்தாண்டுகள் நாம் தள்ளிப் பார்க்கவே இல்லை என்பதுதான். போட்டி இல்லாத சந்தையில் ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள்? 1990களில் அம்பாசடருக்குக் கிடைத்த புது எஞ்சினும் ஜப்பானின் இசுசு வடிவமைத்ததே.

வாசகரின் மலைப்பாதைக்கு வருவோம். பத்மினியின் 40 குதிரையும் 4800 சுற்றில்தான் முழுதாக வெளிவரும். அம்பாசடர் பழகிய கை டாப் கியரிலேயே ஏற்றப் பார்த்தால் அது திணறத்தான் செய்யும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே ஸ்டியரிங் பக்கத்துக் கியரை ஒன்று குறைத்து, எஞ்சினைச் சுற்ற விட்டுப் பாருங்கள்.