இரும்புச்சத்து மாத்திரை: கேட்டுப் பெற வேண்டியவை, ஏமாறக் கூடாத இடங்கள்

2018-இல் மத்திய அரசு தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ (ரத்தசோகை இல்லா இந்தியா) திட்டத்தின்படி, கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒரு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை வீதம் குறைந்தது 180 நாட்களுக்கும், பிரசவத்துக்குப் பிறகு மேலும் 180 நாட்களுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இதற்கு வருமான வரம்பு இல்லை; எத்தனையாவது குழந்தை என்ற கணக்கும் இல்லை.

தமிழ்நாட்டில் பலர் ஏமாறுவது இந்தக் குழந்தைக் கணக்கில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு வயது 19 நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களாக இருக்க வேண்டும், 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. மூன்றாவது முறை கருவுற்ற பெண்ணிடம் “உங்களுக்குத் திட்டம் கிடையாதம்மா” என்று சொல்லி அனுப்பிவிட, நிதியுதவியோடு மாத்திரையும் தனக்கில்லை என்று நினைத்து அவர் வெறுங்கையோடு திரும்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பணம் வேறு, மாத்திரை வேறு. பணத்துக்குத் தகுதி இல்லாவிட்டாலும் மாத்திரையை மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்த சிக்கல், தாய்வீட்டுக்குப் போகும்போது வருகிறது. வளைகாப்பு முடிந்து பிறந்த ஊருக்குப் போகிறவரிடம், பதிவு செய்த ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அங்குள்ள செவிலியர் சொல்ல, இங்குள்ளவரோ நீங்கள்தான் ஊரில் இல்லையே என்று கைவிரிப்பார். தாய்சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்) கையோடு கொண்டுபோங்கள். புறப்படும் முன்பே பிரசவம் வரை தேவையான மாத்திரைகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்பவர்களும் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ உடனே பதிவு செய்யுங்கள். 12 வாரம் கடந்தபின் நிதியுதவிக்காக அலைய நேரும்.

அட்டையில் மாத்திரை கொடுத்ததாக எழுதிய எண்ணிக்கையும் கையில் வந்த எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள். “ஸ்டாக் இல்லை” என்றால் எப்போது வரும் என்று கேளுங்கள். அடுத்த முறையும் அதே பதில் வந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். அதற்கும் பயனில்லையெனில் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

“ரத்தம் கொஞ்சம் கம்மி” என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7 முதல் 10.9 வரை இருந்தால் நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை தர வேண்டும். 7-க்குக் கீழே போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒழுங்காக மாத்திரை எடுத்தும் ஒரு மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள்.

முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் போதும் என்று அனுப்பிவைப்பது இன்னொரு வழக்கம். கீரை நல்லதுதான், ஆனால் அதிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே உடல் ஈர்க்கும் என்பதால், ரத்தசோகை வந்தபின் உணவு மட்டும் கைகொடுக்காது. கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் ஈர்ப்பு கூடும். மீனும் இறைச்சியும் இன்னும் பயன் தரும். சாப்பாட்டை ஒட்டிக் காபி, டீ குடித்தால் அந்த ஈர்ப்பு குறைந்துவிடும்.

மாத்திரையையும் பால், காபி, டீயோடு விழுங்கக் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. மலம் கறுப்பாகப் போவது இயல்பு; அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள். குமட்டினால் இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அவர்கள் பல மாத்திரைகளை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாத மாத்திரைகளைத்தான் சுகாதார நிலையமும் குடும்பமும் சேர்ந்தே மறந்துவிடுகின்றன. குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கான மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள்.