பவளத் தொட்டியில் தண்ணீர் எப்படி ஓட வேண்டும்?

பவளத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இதுக்கு எத்தனை லிட்டர் பம்ப் போடணும்?" என்பதுதான். பதிலும் தயாராக இருக்கும்: தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு இருபது மடங்கு, முப்பது மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பவளத்தின் மேல் என்ன நடக்கிறது என்று சொல்லவே முடியாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர். மொத்தம் 300 லிட்டர். இருபது மடங்கு என்றால் மணிக்கு 6,000 லிட்டர். இந்தத் தண்ணீர் தொட்டியின் குறுக்குவெட்டு முழுவதையும் நிரப்பிச் சீராக நகர்ந்தால் வேகம் நொடிக்கு 0.7 செ.மீ.கூட வராது. அதே 6,000 லிட்டரை 2 செ.மீ. குழாய் வாய் வழியாகத் தள்ளினால் நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டும். எதிரில் பவளம் இருந்தால் அதன் சதை சுண்ணாம்புக் கூட்டிலிருந்து உரிந்துவிடும். 6 செ.மீ. வாயுள்ள விசிறிப் பம்பில் என்றால் நொடிக்குச் சுமார் 60 செ.மீ. மூன்றுமே பெட்டியில் 'மணிக்கு 6,000 லிட்டர்' என்றுதான் எழுதியிருக்கும். பவளத்துக்கு லிட்டர் தெரியாது. தன் தோலை உரசிக்கொண்டு போகும் தண்ணீரின் வேகமும், அது எவ்வளவு அடிக்கடி திசை மாறுகிறது என்பதும்தான் அதற்குக் கணக்கு.

பவளம் இடம்விட்டு இடம் போகாத பிராணி. உணவு, ஆக்ஸிஜன், கூடு கட்டக் கால்சியம் எல்லாமே தண்ணீரில் வந்து சேர வேண்டும். கழிவு தண்ணீரோடு போக வேண்டும். சிக்கல் என்னவென்றால், எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஓடினாலும், தோலை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் கிட்டத்தட்ட நகராமல் நிற்கும். எல்லைப் படலம் என்பது இதுதான். அதற்குள் எதுவும் தானாகப் பரவித்தான் கடக்க வேண்டும், அந்தப் பரவல் படுமந்தம். கரைந்த ஆக்ஸிஜன் 1 மில்லிமீட்டரைக் கடக்க நான்கு நிமிடம் அளவில் ஆகும். 1 சென்டிமீட்டர் என்றால் நாற்பது நிமிடம் அல்ல, ஏழு மணி நேரம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஆகவே படலத்தைக் கொஞ்சம் மெலிய வைத்தாலே பெரிய லாபம். வியர்த்த உடம்புக்கு ஃபேன் செய்வதும் இதே வேலைதான்: தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிடுகிறது.

இதில் பலர் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. பகலில் பவளத்துக்கு ஆக்ஸிஜன் குறைவதில்லை, மிஞ்சிப்போகிறது. அதன் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனை உள்ளேயே கொட்டுகின்றன. வெளியேற வழியில்லாமல் அது தேங்கினால், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி ஆக்ஸிஜனையும் பிடித்து வேலையைக் கெடுத்துக்கொள்கிறது. செங்கடலோரம் இஸ்ரேலின் ஏலாட் நகரில் தாலி மாஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ஓட்டம் கூடினால் ஒளிச்சேர்க்கை கூடுகிறது, அதற்கு முக்கியக் காரணம் உள்ளே தேங்கிய ஆக்ஸிஜன் சீக்கிரம் வெளியேறுவது. தொட்டி விளக்கின் வெளிச்சத்தை ஏற்றிவிட்டு ஓட்டத்தை அப்படியே விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1998இல் உலகெங்கும் கடல் சூடாகிப் பவளங்கள் உள்ளிருக்கும் பாசிகளை இழந்து வெளுத்தபோது ஜப்பானின் ஒகினாவாவில் நாகமுரா, வான் வூசிக் என்ற ஆய்வாளர்கள் கவனித்ததும் இதோடு ஒத்துப்போகிறது. ஓட்டம் அதிகமுள்ள இடங்களில் பவளங்கள் கூடுதலாகத் தப்பின.

பவளம் சும்மாவும் இருப்பதில்லை. அதன் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் துடித்துக்கொண்டே இருக்கின்றன. அவை வெறும் சளியைத் துடைக்கத்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2014இல் ஆய்வாளர்கள் ஷாபிரோ, ரோமன் ஸ்டாக்கர் முதலியோர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த இழைகள் தோலுக்கு மேலே குட்டிச் சுழல்களைக் கிளப்பித் தண்ணீரைக் கலக்குவது தெரிந்தது. ஆனால் அந்தக் கலக்கல் எட்டுவது மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அதற்கு அப்பால் நம் பம்ப்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எவ்வளவு வேகம் வேண்டும்? இனத்துக்கு இனம் மாறும். காளான் பவளங்கள் நொடிக்குச் சில சென்டிமீட்டரில் திருப்தியாக இருக்கும். நீண்ட உணரிழைகள் கொண்ட யூஃபிலியாவுக்கு மிதமான, விட்டுவிட்டு வரும் ஓட்டம். அலை மோதும் இடத்தில் வளர்ந்து பழகிய, கிளைவிடும் கடினப் பவளமான அக்ரோபோராவுக்கு நொடிக்கு 10, 20 செ.மீ. அல்லது அதற்கும் மேல். இவை தோராயமான விதிகள்தான், ஆனால் லிட்டர் கணக்கைவிட நம்பகமானவை. (இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடினப் பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடித்து எடுத்துவருவதும் குற்றம்தான். பண்ணையில் வளர்த்த துண்டுகள் சட்டப்படி கிடைக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான் அக்ரோபோரா பேச்செல்லாம்.)

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கண்ணாடியில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு டேப் துண்டு ஒட்டுங்கள். மீன் தீவனத்தில் சிட்டிகை போட்டு, பவளத்தை ஒட்டிப் போகும் ஒரு துகளை மொபைலில் வீடியோ எடுங்கள். இரண்டு நொடியில் கடந்தால் நொடிக்கு 10 செ.மீ. பாறைக்குப் பின்புறமும் இதையே செய்து பாருங்கள். துகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து விழுந்தால், அழுக்கு சேரும் மூலை அதுதான்.

வேகத்தைவிடத் திசைதான் பலருக்குத் தவறுகிறது. ஒரே பக்கத்திலிருந்து ஓயாமல் அடிக்கும் ஓட்டத்தில் பவளத்தின் முன்பக்கம் அடி வாங்கும், பின்பக்கம் தேங்கிய நீரில் நிற்கும். யூஃபிலியாவின் இழைகள் நாள் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து படுத்திருந்தால், சதை கூட்டின் விளிம்பில் உரசிக் கிழியும். பம்பைத் திருப்ப வேண்டிய நேரம் அது. ஆழமில்லாத பவளத்திட்டுகளில் அலை சில நொடிக்கு ஒருமுறை தண்ணீரை முன்னும் பின்னும் இழுக்கிறது. எல்லைப் படலம் தடிக்க அவகாசமே கிடைப்பதில்லை.

இதை வீட்டில் உண்டாக்க அழகான வழி ஒன்று ஹொனலூலுவின் வைகிகி அக்வேரியத்திலிருந்து வந்தது. புரூஸ் கார்ல்சன் பெயரால் வழங்கும் அந்த அமைப்பில், தொட்டிக்கு மேலே ஒரு வாளி. சின்ன பம்ப் அதை மெல்ல நிரப்பும். உள்ளே கவிழ்த்த 'ப' வடிவக் குழாய். நீர்மட்டம் குழாயின் உச்சியைத் தாண்டியதும் சைஃபன் பிடித்துக்கொள்ள, வாளித் தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாயும். மட்டம் இறங்கிக் காற்று புகுந்ததும் சைஃபன் அறுந்து, வாளி மறுபடி நிரம்பத் தொடங்கும். அந்தச் சின்ன பம்பைத் தவிர வேறு மோட்டாரும் இல்லை, டைமரும் இல்லை. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனை இந்தப் பொழுதுபோக்கில் குறைவு. ஆனால் சத்தம், நுரை, சுவரெல்லாம் உப்புத் தெறிப்பு. வரவேற்பறையில் வைத்தால் வீட்டில் சண்டை உறுதி.

இன்றைய வேவ்மேக்கர் பம்புகள் இதையே அமைதியாகச் செய்கின்றன. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் தானாகவே ஆடும் ஒரு தாளம் உண்டு. நம் 120 செ.மீ. தொட்டியில் அது சுமார் 1.3 நொடி. அந்தத் தாளத்துக்குப் பம்ப் விட்டுவிட்டு இயங்கினால் மொத்தத் தண்ணீரும் நீளவாக்கில் ஆடத் தொடங்கும். அப்போது பக்கவாட்டு அசைவு நடுவில்தான் அதிகம், இரு ஓரச் சுவர்களில் கிட்டத்தட்ட இல்லை. அக்ரோபோராவை ஓரத்தில் வைத்துவிட்டு இந்த முறையை நம்பக்கூடாது. ஆட்டம் தாங்கும் ஸ்டாண்ட் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய் அகன்ற விசிறிப் பம்புக்குக் கரண்டும் மிச்சம். முதலில் சொன்ன 2 செ.மீ., 6 செ.மீ. வாய்களில் வேக வித்தியாசம் 9 மடங்கு. அதே தண்ணீரைத் தள்ளத் தேவையான ஆற்றலோ 81 மடங்கு வித்தியாசப்படும். மிஞ்சிய ஆற்றலெல்லாம் கடைசியில் தொட்டியில் வெப்பமாகத்தான் தங்கும். பம்பில் வீணடித்துவிட்டு அதைக் குளிர்விக்கச் சில்லர் வாங்குவது இரட்டைச் செலவு.

ஒரு பம்பாவது நீர்ப்பரப்பை நோக்கி இருக்கட்டும். மேற்பரப்பு சலசலத்தால்தான் ஆக்ஸிஜன் உள்ளே வரும், கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். இரவில் பாசிகள் ஆக்ஸிஜன் தருவதில்லை. மீன், பவளம், பாக்டீரியா எல்லாம் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் வடிகட்டி நின்றதைவிட ஓட்டம் நின்றதுதான் முதலில் தொட்டி உயிர்களைக் கொல்லும். யுபிஎஸ்ஸில் ஒரே ஒரு பம்பைத்தான் மாட்ட முடியும் என்றால் நீர்ப்பரப்பை நோக்கிய இந்தப் பம்பை மாட்டுங்கள். விளக்கு காத்திருக்கும்.

அப்புறம் பராமரிப்பு. விசிறியிலும் வலையிலும் சுண்ணாம்புப் பாசி படியப் படிய ஓட்டம் கண்ணுக்குத் தெரியாமல் குறையும். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். இன்னொரு பக்கம், நன்றாக வளர்ந்த பவளமே தனக்குப் பின்னால் இருப்பவற்றுக்குத் தண்ணீரை மறிக்க ஆரம்பிக்கும். போன வருடம் சரியாக இருந்த பம்பின் கோணம் இந்த வருடம் சரியாக இருக்க வேண்டுமென்று இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த டேப் துண்டுகளையும் மொபைலையும் எடுத்து மறுபடி அளந்து பார்த்துக் கோணத்தை மாற்றுங்கள். அதற்கும் சரிப்படாவிட்டால் கிளைகளை வெட்டி வேறு இடத்தில் ஒட்டலாம்.